தள்ளாட்டத்துக்கு மருந்து

விஞ்ஞானப் பாடத்தில் மூளி என்று படித்த சிறுமூளையே நம் அசைவுகளை ஒழுங்குபடுத்துகிறது. அதுவோ அதனோடு இணைந்த நரம்புப் பாதைகளோ பழுதுபட்டால் நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். இதுவே அற்றாக்சியா. போதையென்று பிறர் எண்ணிவிடுவது எத்தனை கொடுமை!

எல்லா வகைக்கும் பொதுவான மருந்தில்லை. காரணத்தைத்தான் முதலில் தேடவேண்டும். பரம்பரையாக வரும் ஒரு வகையில் குருதியில் விற்றமின் ஈ மிகக் குறைந்துவிடும். பார்வைக்கு அது பிரீட்றிக் அற்றாக்சியா போலவே இருக்கும். குருதிப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும். காலத்தோடு வைத்தியர் கொடுக்கும் அதிகளவு விற்றமின் ஈ, நோய் முற்றாமல் காக்கும். விட்டுவிட்டு வரும் இன்னொரு வகையில், கண்ணழுத்த நோய்க்கான பழைய மருந்தாகிய அசற்றசோலமைட் பலருக்குப் பலன் தருகிறது.

1863இல் விவரிக்கப்பட்ட பிரீட்றிக் அற்றாக்சியாவுக்கோ, 2023இல்தான் ஒமவெலொக்சோலோன் என்ற முதல் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதுவும் நோயை மாற்றுவதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது.