வீட்டு மொழியிற் பிறந்த சிரிப்பு

போர்த்தொழிலைப் பாவமெனக் கருதுவோர் மென்னோனைற் கிறிஸ்தவர்கள். ருஷ்யாவிலே கட்டாய இராணுவ சேவை வந்தபோது, அவர்களுட் பலர் கனடாவின் மனிற்றோபா மாகாணத்திற் குடியேறினர். 1874இல் அங்கு அவர்கள் அமைத்த ஊர்களுள் ஒன்று ஸ்ரைன்பாக். தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் அவர்களுக்கு இலக்கிய ஜேர்மன் மொழி. அடுக்களைக்கும் வயலுக்கும் புளௌற்டீச் என்னும் பேச்சுமொழி.

1923இல் கனடாவுக்கு வந்து, 'ஸ்ரைன்பாக் போஸ்ற்' பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவர் ஆர்னோல்ட் டிக். பெரும்பாலும் ஏட்டில் ஏறாதிருந்த அப்பேச்சுமொழியிலேயே கோப், புவா என்னும் இரு குடியானவரின் பயணக் கதைகளை அவர் எழுதினார். அவ்விருவர் காணும் உலகமும் நகைப்புக்குரியது. அதைக் காணும் அவர்களும் நகைப்புக்குரியவர்களே.

பிரசங்க மொழியில் ஒருவனைக் கேலிசெய்தால் அது கண்டனமாகிவிடும். அவன் தாயின் மொழியிற் செய்தாலோ, அவனும் சேர்ந்து சிரிப்பான். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரிலே அங்கதம் எழுதுவோன், தான் நகையாடியவர்களுடனேயே மறுநாளும் வாழவேண்டியவன். ஆதலால் அவன் சிரிப்பு உறவை அறுத்தல் ஆகாது.

டிக் 1970இல் மறைந்தார். இளந்தலைமுறை ஆங்கிலத்துக்கு மாற, ஸ்ரைன்பாக்கில் அம்மொழி பேசுவோர் அருகினர். வீட்டிலே மறந்துபோன சொற்கள் பல, அவர் கதைகளிலே இன்னும் சிரித்துக்கொண்டிருக்கின்றன.