விடுதியில் மாலை ஆறு மணி

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளில் பலர் பள்ளி நாட்களில் வீட்டில் தூங்குவதில்லை. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலேயே தங்கிப் படிக்கிறார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளும் உண்டு. விளையாடி முடித்துச் சோற்றுக்குக் காத்திருக்கும் அந்த மாலைப் பொழுதில் கதை சொல்லப் பாட்டி பக்கத்தில் இல்லை. அப்பாவும் அம்மாவும் சாமைக் கொல்லையில் இருப்பார்கள். வேலை இல்லாத மாதங்களில் வெளிமாநிலத் தோட்டங்களுக்குப் போயிருப்பார்கள். ஜவ்வாது மலையில் வாசிப்பை வளர்ப்பது பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்தப் பொழுதில்தான் போய் நிற்கிறது. இங்கே ஒரு வானொலிக் குரல் நுழைய வேண்டும்.

வாசிப்புக்குக் காது எதற்கு என்று கேட்கலாம். பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்துக்கூட்டும் திறனை, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதே வாசிப்பு. இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான். நம் பள்ளிகள் முதல் பாதிக்கு மாடாய் உழைக்கின்றன. இரண்டாவது பாதி தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். புத்தகம் உள்ள வீட்டில் அது வரலாம். மலையில் பெரும்பான்மையினரான மலையாளி பழங்குடியினர் பேசுவதும் தமிழ்தான். ஆனால் பாடநூல் தமிழ் அந்தப் பிள்ளையின் காதுக்குப் புதிது. கேட்டே பழகாத வாக்கியத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாலும், அது பிள்ளைக்குள் இறங்குவதில்லை.

தமிழ் வானொலிக்குக் குழந்தைகள் புதியவர்கள் அல்லர். 1938இல் தொடங்கிய சென்னை நிலையத்தில், பின்னாளில் 'வானொலி அண்ணா' என்றே அறியப்பட்ட கூத்தபிரான் போன்றவர்கள் பிள்ளைகளைப் பேசவும் பாடவும் நடிக்கவும் வைத்தார்கள். அருமையான பணி அது. ஆனால் கேட்கிற பிள்ளையின் கையில் புத்தகம் இருந்தாக வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இல்லை. காதும் கண்ணும் ஒரே சொல்லில் ஒரே நேரத்தில் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதைப் பின்னர் அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர் பிரிஜ் கோத்தாரி காட்டினார். 1996 முதல் அவர் முன்னெடுத்தது எளிய வேலை: தொலைக்காட்சியில் ஓடும் திரைப்பாட்டின் வரிகளை அதே மொழியில் கீழே எழுத்தாக ஓடவிடுவது. பாட்டு தெரிந்தவர்கள் தம்மையறியாமல் எழுத்தைப் பின்தொடர்ந்தார்கள்.

வானொலிக்குத் திரை இல்லை. அந்த இடத்தில் புத்தகத்தை வைக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சிறு நூல்களைத் தந்திருக்கிறது. அவற்றில் 'நுழை' படியிலிருந்து ஒன்றை எடுத்து, இரண்டு பிள்ளைக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, வானொலி அதை நிதானமாக வாசிக்கட்டும். மணி அடித்தால் பக்கம் புரட்ட வேண்டும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் குரல் காத்திருக்க, பிள்ளைகள் கத்திச் சொல்வார்கள். இப்படிக் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக மௌனம் காக்கும் ஒலிபரப்பை 1974இல் நிகராகுவாவில் கணக்குப் பாடத்துக்காகத் தொடங்கினார்கள். பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. மறுநாளும் அதே கதைதான். பெரியவர்களுக்குச் சலிக்கும், பிள்ளைகளுக்குச் சலிக்காது. மூன்றாம் நாள் குரலுக்கு முன்னால் அவர்கள் விரல் ஓடும்.

நடைமுறைச் சிக்கல் மலைதான். சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படுவது 100 வாட் ஆற்றலும் 30 மீட்டர் கோபுரமும். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. ஒரு முகடு குறுக்கே வந்தால் அடுத்த பள்ளத்து ஊருக்குச் சரியாகக் கேட்காது. அதற்காக இந்த யோசனையைக் கைவிட வேண்டியதில்லை. நிகழ்ச்சியைப் பதிவு செய்து மெமரி கார்டில் ஏற்றினால், விடுதி ஒலிபெருக்கியே அந்தப் பள்ளத்துக்கு நிலையம். அதே கார்டு பெற்றோரோடு தோட்டத்துக்குப் போகும் பிள்ளைக்கும் துணையாகும். பள்ளி இடைநின்றுபோகும் அந்த மாதங்களில் இது சிறிய உதவியல்ல.

யார் வாசிப்பது என்பதில் நான் பிடிவாதக்காரன். நகரத்து அறிவிப்பாளர் வேண்டாம். நீலகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் ரேடியோ கோத்தகிரி, தமிழோடு பழங்குடி மொழிகளிலும் பேசுகிறது. 2006ஆம் ஆண்டின் சமுதாய வானொலி விதிகளும் நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் உருவாக வேண்டும் என்கின்றன. அப்படியானால் ஜவ்வாது மலையில் புத்தகத்தை வாசிக்க வேண்டியவர் அத்திப்பட்டு, நம்மியம்பட்டுப் பக்கத்து அக்காக்கள்தான். கதைக்கு முன்னால் அது எதைப் பற்றியது என்று மலைப்பேச்சிலேயே சொல்லிவிட்டு, பிறகு நூலில் உள்ளபடி வாசிக்கட்டும். இந்த மலையின் காவலூரில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றியும், தேனெடுப்பு பற்றியும், சாமை அறுப்பு பற்றியும் இதே மலையில் சிறு நூல்கள் எழுதப்படலாம்.

வாரத்தில் ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாசித்துப் பதியட்டும். முடிவில் வாசித்தவர் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். பக்கத்து விடுதியில் அதைக் கேட்கும் தம்பி, அக்கா வாசித்த புத்தகம் எங்கே என்று வார்டனிடம் கேட்பான். அப்போது எடுத்துக் கொடுக்க அந்த விடுதி அலமாரியில் அது இருக்க வேண்டும், பூட்டு இல்லாமல்.