அஞ்சும் மூளையும் துடிக்கும் இருதயமும்

ஊரை விட்டு வெகு தூரத்தில் வாழும் நம்மில் யாருக்கும் நடு இரவில் தொலைபேசி மணி அடித்தால் போதும். செய்தி இன்னதென்று அறியுமுன்பே மார்பு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நாக்கு வறள்கிறது. இவற்றுள் ஒன்றையேனும் நாம் கட்டளையிட்டுச் செய்வதில்லை. நில் என்றாலும் அவை நிற்பதில்லை.

இருதயம், இரைப்பை, இரத்தக் குழாய்கள் முதலியவற்றை நம் விருப்பத்தை எதிர்பாராமல் நடத்தும் நரம்புகளுக்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் என்று பெயர். அதன் ஒரு பிரிவாகிய பரிவு நரம்புகள் உடலை முடுக்குகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் தணிக்கின்றன. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். ஆபத்து வேளையில் உடலை உலுக்குவது 'பரிவு'தான்!

இந்நரம்புகளை உணர்ச்சி எவ்வாறு எட்டுகிறது? மூளையின் உட்புறத்தே வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்னும் பகுதி உண்டு. அச்சத்தின் அறிகுறியை அது விரைந்து உணர்ந்து, ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியை எழுப்புகிறது. அங்கிருந்து மூளைத் தண்டு, தண்டுவடம் வழியே செய்தி இறங்க, அட்ரீனல் சுரப்பி தன் சுரப்பை இரத்தத்தில் கலக்கிறது. ஜூரிச் நகரில் வால்டர் ஹெஸ் பூனைகளின் ஹைப்போதலாமஸை மெல்லிய மின்கம்பியால் தூண்டியபோது, எதிரே பகை ஏதுமின்றியே அவை மயிர் சிலிர்த்துச் சீறின. இத்துறை ஆராய்ச்சிக்காக 1949-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வழியில் வரும் வேகம் சில வேளை இருதயத்தையே தாக்குவதுண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு நோயை விவரித்தனர். பெருந்துயரோ பேரச்சமோ நேர்ந்தபின் இடது இதய அறையின் நுனி வலுவிழந்து பானை போல உப்புகிறது. இரத்தக் குழாயில் அடைப்போ இல்லை. ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் அதனை 'டாகோட்சுபோ' என்றார்கள். 2004-இல் நீகாட்டா பூகம்பத்துக்குப் பின் அவ்வட்டாரத்தில் இந்நோய் பெருகியது. மாதவிடாய் நின்ற பெண்களையே இது பெரும்பாலும் பற்றுகிறது. இந்நோயுற்றோரின் மூளையில் உணர்ச்சிப் பகுதிகளுக்கும் தன்னியக்கப் பகுதிகளுக்கும் இடையேயுள்ள தொடர்பு குறைந்திருப்பதை 2019-இல் கண்டறிந்ததும் அதே ஜூரிச் நகரில்தான்.

பலர் சில வாரங்களில் தேறுகிறார்கள்; சிலர் இறப்பதும் உண்டு. சாவுச் செய்தி கேட்ட வீட்டில் ஓர் அம்மையார் நெஞ்சு வலிக்கிறதென்றால், "அழுத களைப்பு, படுத்தால் சரியாகும்" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். மாரடைப்பா, இதுவா என்பதை வெளித்தோற்றம் காட்டாது. மின்வரைபடமும் இரத்தக் குழாய்ச் சோதனையுமே காட்டும். ஆகவே தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மொழி பழகாத ஊரானால் 112 என்ற எண்ணை அழைத்து, முகவரியை அண்டை வீட்டாரைக்கொண்டு சொல்லச் செய்யலாம்.