குறட்டைக்காரன் தரப்பு நியாயம்

நான் குறட்டை விடுகிறவன். என் மனைவி அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து சாட்சியமாக வைத்திருக்கிறாள். வீட்டில் அது எங்கள் இருவருக்கும் இடையிலான வழக்கு. சுவிஸ் மலைகளில் ஏறப் போனால், இரவு தங்கும் குடிலில் முன்பின் தெரியாத ஓர் அறை நிறைந்த சனமும் அந்த வழக்கில் சேர்ந்துகொள்ளும்.

மலையேறிகளின் சங்கமான சுவிஸ் அல்பைன் கழகம் 1863இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் டோடி மலையில் முதல் குடிலையும் கட்டிவிட்டார்கள். இன்று அந்தக் கழகத்துக்கு 150க்கு மேற்பட்ட குடில்கள் உண்டு. குடில் என்றாலும் பல, கல்லால் கட்டிய மாடிவீடுகள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவைக்க ஓர் இடம், கீழே சாப்பாட்டு அறை, மேலே படுக்கை. பழைய குடில்களில் சுவரிலிருந்து சுவர்வரை ஒரே மரத்தட்டு. அதன்மேல் இடைவெளியே இல்லாமல் மெத்தைகள். தலையணையும் போர்வையும் தருவார்கள். உள்ளே புகுந்து படுக்க மெல்லிய துணிப்பையை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஆண், பெண், வங்கி அதிகாரி, என்னைப்போல உணவகச் சமையலறையில் வேலைசெய்கிறவன், எல்லோரும் தோளோடு தோள் முட்டப் படுப்போம்.

இரவு பத்து மணிக்குப் பேச்சு அடங்கவேண்டும். பனியாறு கடந்து சிகரம் ஏறுகிறவர்கள் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே வெளிக்கிட்டுவிடுவார்கள். வெயில் ஏறினால் பனி இளகும். வெடிப்புகளை மூடியிருக்கும் பனிப்பாலம் கால் வைத்தால் உடையலாம். ஆகவே அந்த ஐந்தாறு மணி நேர நித்திரை வெறும் சுகமல்ல. சரியாக உறங்காதவன் கால் மறுநாள் பாறையில் இடறும். குறட்டைமேல் மலையேறிகளுக்கு இவ்வளவு கோபம் வருவது இதனால்தான்.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி ஒடுங்குகிறது. அந்த ஒடுக்கத்தால் காற்று போகும்போது அண்ணத்தின் பின்பகுதியும் உள்நாக்கும் அதிர்கின்றன. அதுதான் குறட்டை. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிந்து வழியை இன்னும் அடைக்கும். மது தசைகளை மேலும் தளர்த்தும். மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடுவோம். நாள் முழுக்கக் குளிர்காற்றில் நடந்து, இரவு பியர் குடித்து, திரும்ப இடமில்லாமல் மல்லாந்து கிடக்கிறவன் குறட்டை விடாமல் என்ன செய்வான்?

மிக உயரத்தில் வேறொரு சத்தமும் கேட்கும். பக்கத்தில் படுத்தவரின் மூச்சு மெல்லத் தேய்ந்து, சில விநாடிகள் நின்று, பிறகு பெரிதாக இழுத்துக்கொண்டு தொடங்கும். ஒட்சிசன் குறைவதால் உடல் வேகமாக மூச்சுவிடுகிறது. அதனால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. 'மூச்சு விடு' என்ற மூளையின் கட்டளை சற்று நேரம் நின்றுவிடுகிறது. 4554 மீட்டர் உயரத்தில், சுவிஸ் எல்லையை ஒட்டியிருக்கும் இத்தாலியின் மார்கரீட்டா குடில் 1893இல் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மோசோ அங்கே தங்கி இந்த மூச்சை ஆராய்ந்தார். அந்த உயரத்தில் ஆரோக்கியமானவர்களுக்கும் இது வரும். ஊரில், வீட்டுக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சு இப்படி நின்று நின்று வந்தால், பகலிலும் தூங்கி விழுந்தால், அவரை மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

இனி என் தரப்பு. குறட்டை விடுகிறவன் நித்திரையில் இருக்கிறான். விடியப்புறம் மூன்று மணிக்குப் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று கசக்குகிறவர் முழு விழிப்பில் இருக்கிறார். நெற்றி விளக்கை எல்லோர் முகத்திலும் அடிப்பவரும், கைப்பேசி அலாரத்தை மூன்று தரம் அடிக்கவிட்டு எழும்பாமல் கிடப்பவரும் அப்படித்தான். பையை இரவே கட்டிக் கதவுக்கு வெளியே வைக்கலாம். விளக்கைச் சிவப்பு ஒளிக்கு மாற்றலாம். அலாரத்தை அதிர்வில் வைத்துத் தலையணைக்குக் கீழே செருகலாம்.

எனக்கும் கடமை உண்டு. அது கண் மூடுவதற்கு முன்பு செய்யவேண்டியது. குடில் பொறுப்பாளரிடம் சொல்லிச் சுவரோரம் இடம் கேட்பேன். பியர் தொடமாட்டேன். சுருட்டிய ஜாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் அண்டைகொடுத்து ஒருக்களித்துப் படுப்பேன். பக்கத்தில் படுப்பவரிடம், "நான் குறட்டை விடுவேன், தோளில் தட்டுங்கள், திரும்பிப் படுக்கிறேன்" என்று முதலே சொல்லிவிடுவேன். ஒருமுறை இதைக் கேட்ட மூதாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டே தன் காதடைப்பானை எடுத்துக் காட்டினார். "நாற்பது வருடம் மலையேறுகிறேன் தம்பி, இது இல்லாமல் வீட்டைவிட்டு வெளிக்கிடமாட்டேன்" என்றார். 'தம்பி' மட்டும் என் மொழிபெயர்ப்பு.

காதடைப்பானைச் சும்மா செருகினால் பயனில்லை. நுரையை விரல்களால் மெல்லிசாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலே பின்னுக்கு இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும்.

பொது இடத்தில் படுக்க வருகிறவர் பிறர் உடம்பின் சத்தத்தையும் ஏற்றுக்கொண்டுதான் வருகிறார். ஆகவே மலைக்குப் போகிறவர்களே, காதடைப்பானில் இரண்டு சோடி வாங்குங்கள்: ஒன்று உங்களுக்கு, மற்றது அதைக் கொண்டுவர மறந்து என் பக்கத்தில் படுக்கப்போகிறவருக்கு.