பாதம் தேறுவது படுக்கையில்

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணின் காலைக் கடை அடைக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். செருப்பு வாரின் தடம் புறங்காலில் ஆழமாகப் பதிந்திருக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழும். அது நிரம்பவே சிறிது நேரமாகும். இரவு படுத்து எழுந்தால் அந்த வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும். ஆனால் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்ததுமே குதிகாலில் சுரீரென்று ஒரு வலி. “ராத்திரி பூரா படுத்துதானே கிடந்தேன், அப்புறம் ஏன் வலிக்குது?” என்று கேட்காதவர்கள் குறைவு.

குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரை ஒரு கெட்டியான சவ்வு ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். நெடுநேரம் நிற்பது, உடல் எடை, மெத்தென்று இல்லாத செருப்பு, இறுகிய கெண்டைக்கால் எல்லாம் சேர்ந்து, குதிகாலோடு அது ஒட்டியிருக்கும் இடத்தை நோகச் செய்கின்றன. மருத்துவர்கள் இதை பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்கிறார்கள். தூங்கும்போது பாதம் தானாகவே கீழ்நோக்கிச் சாய்கிறது. பாயில் குப்புறப் படுப்பவர்களுக்குப் புறங்கால் தரையில் அழுந்தி, சாய்வு இன்னும் கூடுகிறது. சவ்வும் கெண்டைக்கால் தசையும் பல மணி நேரம் சுருங்கியே கிடக்கின்றன. எழுந்ததும் உடலின் எடை முழுவதும் அதன்மேல் இறங்க, நொந்த இடம் ஒரேயடியாக இழுபடுகிறது. காலை வலிக்குத் தூக்கத்தின்மேல் பழிபோடுவது நியாயமில்லை. பாதம் கிடந்த கோணமும் அது இழுபடும் வேகமும்தான் காரணம்.

தூக்கம் பாதத்துக்குச் செய்யும் நன்மை பெரிது. முதல் நன்மை எல்லாருக்கும் தெரிந்ததே. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலின் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் நிற்பவருக்கு அந்த உந்துதல் இல்லாததால் நீர் கீழே தேங்குகிறது, படுத்தால் திரும்புகிறது.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பழுதுபார்ப்பு. தூங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தோடு சேர்ந்து வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது என்பதை ஆய்வாளர்கள் 1968-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். குழந்தைகளை வளர்க்கும் இந்த ஹார்மோனுக்குப் பெரியவர்களிடம் திசுக்களைச் சீராக்குவதில் பங்கு உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்ல் கேட்லர் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. எலிகளின் தசைநாண்களை அவர்கள் நாளின் வெவ்வேறு நேரங்களில் எடுத்து ஆராய்ந்தார்கள். தடித்த கொலாஜன் இழைகள் மாறாமல் இருக்க, அவற்றுக்கு இடையே மெல்லிய இழைகள் உடலின் கடிகாரப்படி தினமும் தோன்றி மறைந்துகொண்டிருந்தன. கூரைவீட்டில் தூணும் விட்டமும் அப்படியே நிற்க, கீற்றை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதுபோல. மனிதப் பாதத்திலும் அச்சு அசலாக இதுவே நடக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தேய்மானத்தைச் சரிசெய்யும் வேலைக்கும் உடல் ஒரு நேரம் வகுத்து வைத்திருக்கிறது என்பதை இது அழுத்தமாகக் காட்டுகிறது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் நிகழ்வது பாதத்தில் அல்ல, மூளையில். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களை ஓர் இரவு முழுக்க விழித்திருக்கச் செய்து, காலில் சூடு வைத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2019-இல் வெளியானது. நன்றாகத் தூங்கிய நாளில் தாங்கிய சூடே தூங்காத நாளில் வலியாகத் தெரிந்தது. வலியை உணரும் மூளைப்பகுதி கொதித்தெழ, அதை மட்டுப்படுத்தும் பகுதிகள் மந்தமாகிக் கிடந்தன. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பெண்கள் சிலரை மணிக்கு ஒருமுறை எழுப்பினார்கள். வேறு சிலரைத் தாமதமாகப் படுக்கவைத்து, அதே அளவு நேரம் இடையூறின்றித் தூங்கவிட்டார்கள். வலியை அடக்கும் உடலின் இயல்பான ஆற்றல் குன்றியது அடிக்கடி எழுப்பப்பட்டவர்களிடம்தான். இரவில் கைக்குழந்தைக்காக நாலு தடவை எழும் தாய்க்கும், இரவுப் பணி முடித்துப் பகலில் அரைகுறையாகத் தூங்கும் செவிலியருக்கும் காலில் உளைச்சல் ஏன் தீர்வதில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது. மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதோடு, விட்டு விட்டுத் தூங்கினோமா, ஒரே மூச்சாகத் தூங்கினோமா என்பதும் கணக்கில் வரும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்தது. பெரிய ஆறுதல்தான். ஆனால் தீபாவளி நேரத்தில் நள்ளிரவில் கடையிலிருந்து திரும்பி, நெரிசலான விடுதி அறையில் படுத்து, விடிகாலையில் குளியலறை வரிசைக்கு எழும் பெண்ணுக்கு நாற்காலி பாதி மருந்துதான். மீதிப் பாதியான தூக்கத்தைப் பற்றியும் நிர்வாகங்களிடம் கேட்கத்தான் வேண்டும்.

வீட்டில் செய்துகொள்ள எளிய வழிகள் உண்டு. காலையில் எழுவதற்கு முன் படுக்கையிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக வளைத்து இழுத்துப் பிடிக்கலாம். பத்து எண்ணும்வரை, பத்து முறை. உள்ளங்காலில் நரம்புபோல் ஒன்று விறைத்து நிற்பது கைக்குத் தட்டுப்பட்டால் சரியாக இழுக்கிறீர்கள். பிறகு வெறுங்காலை வைக்காமல் செருப்பில் காலை நுழைத்து எழலாம். போர்வையைப் பாதத்தின்மேல் இறுக்கிச் செருகாதீர்கள். வீங்கும் கால் என்றால் தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வையுங்கள். வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் இரவுதோறும் போட்டுக்கொள்வது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

படுத்தால் குறையவேண்டிய வலி படுத்தபின் கூடுகிறது என்றால் விஷயம் வேறு. உள்ளங்கால் இரவில் எரிந்தால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். மரத்துப்போன காலை வெந்நீரில் வைக்கவே கூடாது, சுடுவது தெரியாமல் வெந்துவிடும். படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச் சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடித்தால் யூரிக் அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புகைப்பவரோ சர்க்கரை நோயாளியோ, படுத்தால் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கவிட்டால்தான் சுகம் என்று சொன்னால் அது காலுக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். களிம்பு தடவிக் காத்திருக்காமல், விரலில் புண் வருமுன் ரத்தநாள அறுவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.