வரைகலை அட்டையின் விலை ஏன் ஏறிற்று?



கணினி மலிந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அக்கணினிக்குள் பொருத்தப்படும் ஓர் உறுப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறி வந்திருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டையே அது. சில வேளைகளில் இவ்வட்டை ஒன்றின் விலை, கணினியின் மற்றப் பகுதிகள் அனைத்தின் விலையையும் மிஞ்சிவிடுகிறது. இதற்குக் காரணம் என்ன என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில், இவ்வட்டை செய்யும் வேலை யாது? கணினித் திரையில் நாம் காணும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையொன்றில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. படம் அசைவதாகத் தோன்ற, அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் நொடிக்கு 60 முறை கணக்கிட வேண்டும். கணினியின் மையச் செயலியை ஒரு தலைமையாசிரியருக்கு ஒப்பிடலாம். கடினமான கணக்குகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வார். வரைகலைச் சில்லோ, எளிய கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் ஆயிரக்கணக்கான மாணவர்களைப் போன்றது. விளையாட்டுகளுக்காக வளர்ந்த கலை இது. என்விடியா நிறுவனம் 1999இல் ஜிஃபோர்ஸ் 256 என்ற அட்டையை வெளியிட்டபோது, வாங்கியவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுப் பிரியர்களே.

இனி விலையைப் பார்ப்போம். 2016இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1080 அட்டையின் அறிவிப்பு விலை 599 அமெரிக்க வெள்ளி. அதே வரிசையில் 2022இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4080 அட்டைக்கு 1,199 வெள்ளி கேட்கப்பட்டது. 2025இல் வந்த 5080 அட்டையின் விலை 999 வெள்ளியாகக் குறைந்தது உண்மையே. ஆனால் அதே ஆண்டில் உச்ச நிலையில் வந்த 5090 அட்டைக்கு 1,999 வெள்ளி விலை வைக்கப்பட்டது. பணத்தின் மதிப்பு குறைந்ததைக் கணக்கில் கொண்டாலும் இந்த ஏற்றம் பெரிதுதான்.

முதற் காரணம் உற்பத்திச் செலவு. சில்லுகள் 300 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டமான சிலிக்கான் தட்டுகளில் அச்சிடப்படுகின்றன. முன்னாளில் புதிய தொழில்நுட்பம் வரும்போதெல்லாம் டிரான்சிஸ்டர்கள் சிறுத்தன; சிறுத்ததனால் மலிந்தன. அந்தக் காலம் கடந்துவிட்டது. மிக நுண்ணிய கோடுகளை வரையும் புறஊதா ஒளி இயந்திரத்தை உலகில் நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் ஒன்றே செய்து விற்கிறது. ஓர் இயந்திரத்தின் விலை 15 கோடி அமெரிக்க வெள்ளிக்கும் மேல். இச்செலவெல்லாம் தட்டின் விலையில்தான் வந்து சேர்கிறது.

அதோடு, வரைகலைச் சில்லு உருவத்திலும் பெரியது. 5090 அட்டையின் சில்லு 750 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ளது. ஒரு தட்டில் இத்தகைய சில்லுகள் சுமார் 70 மட்டுமே அடங்கும். 100 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள கைப்பேசிச் சில்லானால் 600க்கு மேல் அடங்கும். தட்டின் மீது 30 இடங்களில் நுண்ணிய பழுது ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் வெவ்வேறு சில்லில் விழுந்தால், கைப்பேசிச் சில்லுகள் 600இல் 570 தப்பும். பெரிய சில்லுகள் 70இல் 40தான் தப்பும். ஆகவேதான் உற்பத்தியாளர்கள் பழுதுள்ள பகுதிகளை முடக்கிவிட்டு எஞ்சியதை விற்கிறார்கள். 5090 அட்டையிலேயே 192 கணக்கீட்டுப் பிரிவுகளில் 170 மட்டுமே இயங்குகின்றன.

எனினும், உற்பத்திச் செலவு மட்டுமே விலையை முடிவு செய்வதில்லை. நமக்கு நன்கு தெரிந்த டுரியான் பழத்தை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டார் மூசாங் கிங் பழத்துக்கு நல்ல விலை கொடுக்க முன்வந்தால், தோட்டக்காரரின் செலவு ஒரு காசும் கூடாதிருந்தாலும் உள்ளூர்ச் சந்தையில் பழத்தின் விலை ஏறும். வரைகலை அட்டைக்கு நேர்ந்ததும் இதுவே.

முதலில் வந்த போட்டியாளர்கள் மின்னியல் நாணயம் திரட்டியோர். ஈத்தரியம் என்ற நாணயத்தைத் திரட்ட வரைகலை அட்டைகள் தேவைப்பட்டன. தொற்றுநோய்க் காலத்தில் சில்லுகளுக்குப் பஞ்சமும் ஏற்பட்டது. 2020இல் 699 வெள்ளி என்று அறிவிக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 3080 அட்டை, 2021இல் மறுவிற்பனையில் இரு மடங்குக்கு மேல் விலைபோயிற்று. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்த வேட்கை தணிந்தது.

ஆனால் அவ்வாண்டு நவம்பரில் சேட்ஜிபிடி வெளிவந்தது. செயற்கை அறிவுக்கான கணக்குகளையும் செய்யவல்லது அதே வகைச் சில்லுதான். என்விடியாவின் எச்100 என்னும் செயற்கை அறிவுச் சில்லும், விளையாட்டுக்கான 4090 அட்டையின் சில்லும் தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தில் ஒரே தொழில்நுட்பத்தில் உருவானவை. எச்100 சில்லின் பரப்பு 814 சதுர மில்லிமீட்டர். மற்றதன் பரப்பு 608. பரப்பில் மூன்றில் ஒரு பங்கே கூடுதல். விலையிலோ 4090 அட்டை 1,599 வெள்ளி. எச்100 25,000 வெள்ளிக்கும் மேல் விற்றதாகச் செய்திகள் கூறின. அதனுடன் சேரும் உயர்ரக நினைவகத்தின் விலையைக் கழித்தாலும் இலாபம் எந்தப் பக்கம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கணக்கேடும் இதையே சொல்கிறது. 2022 ஜனவரியில் முடிந்த ஆண்டில் என்விடியாவுக்கு விளையாட்டுத் துறையிலிருந்து 1,246 கோடி வெள்ளியும், தரவு மையங்களிலிருந்து 1,061 கோடி வெள்ளியும் கிடைத்தன. 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டிலோ தரவு மையங்கள் தந்தது சுமார் 11,500 கோடி. விளையாட்டுத் துறை தந்தது சுமார் 1,135 கோடி. வீட்டுக்கு வாங்குவோர் வரிசையின் முன்னிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டனர். நினைவகத்திலும் இதே நிலை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆலைகள் வைத்திருக்கும் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கான தன் கிரூசியல் வணிகத்தைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. போட்டிக்கு ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய நிறுவனங்கள் இருந்தும், உச்ச நிலை அட்டைகளில் என்விடியாவுக்கு ஈடு கொடுப்பாரில்லை.

‘விளையாட்டுப் பொருள்தானே, விலை ஏறினால் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். 2012ஆம் ஆண்டை இங்கே நினைவுகூர்வோம். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்டனின் மாணவரான அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, படங்களை இனங்காணும் ஒரு செயற்கை நரம்பு வலையை உருவாக்கினார். அதைப் பயிற்றுவிக்க அவருக்கு உதவியவை இரண்டே ஜி.டி.எக்ஸ். 580 அட்டைகள். கடையில் எவரும் வாங்கத்தக்க விளையாட்டு அட்டைகள் அவை. ஐந்தாறு நாள்களில் பயிற்சி முடிந்தது. இன்றைய செயற்கை அறிவின் எழுச்சிக்கு வழி திறந்த முயற்சிகளுள் அது முதன்மையானது. அட்டைகளைத் தரவு மையங்கள் அள்ளிச் செல்வதற்கு வித்திட்டதே, மாணவர் கைக்கெட்டும் விலையில் அட்டை கிடைத்த அந்தக் காலந்தான். நாளைய மாணவருக்கு அது எட்டாமற்போனால், இழப்பு விளையாட்டோடு நிற்காது.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது என்ன? பள்ளிப் பாடத்துக்கும் அலுவலக வேலைக்கும் தனி அட்டை வேண்டியதில்லை. பெரும்பாலான செயலிகளில் உள்ள வரைகலைப் பகுதியே போதும். படம் வரையவும் நிரல் எழுதவும் கற்கும் பிள்ளைகளுக்குத் தேவையெனில், முந்தைய தலைமுறையின் நடுத்தர அட்டையே பெரும்பாலும் போதுமானது. பழைய அட்டை வாங்குவோர் அதை இயக்கிச் சோதித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். கல்விக்கூடங்களும் நூலகங்களும் நல்ல அட்டைகள் கொண்ட கணினிகளை வாங்கிப் பொதுவில் வைக்குமானால், தனியொருவரால் இயலாதது பலருக்குக் கிட்டும். விலையைக் குறைக்க நம்மால் முடியாது. பொருளைப் பகிர்ந்துகொள்ள முடியும்.