அணுக்கூடத்தின் அருகே பூமிப்பிளவு

அணுகுண்டு எங்கே பிறந்தது என்று கேட்டால், லாஸ் அலமாஸ் என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். அந்த ஆராய்ச்சி நிலையம் எத்தகைய பூமியின்மீது நிற்கிறதென்பதை அறிந்தவர் மிகச் சிலரே. 1942-ம் வருஷத்தில், யுத்த அவசரத்தில், அமெரிக்க சர்க்கார் நியூ மெக்ஸிகோ ராஜ்யத்திலுள்ள அந்த மேட்டு நிலத்தைத் தேர்ந்தபோது, அவர்கள் நாடியவை தனிமையும் ரகசியமுமே.

நிலையத்தின் மேற்கு எல்லையோரமாகப் பஹரீட்டோ என்னும் பூமிப்பிளவு செல்கிறது. சுமார் 12 லட்சம் வருஷங்களுக்கு முன் எரிமலை கக்கிய சாம்பல் இறுகிப் பாறையாகிக் கிடக்கும் பிரதேசம் அது. அந்தப் பாறையே பிளவின் ஒரு புறத்தில் மறுபுறத்தைவிடச் சில இடங்களில் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. பூகர்ப்ப நிபுணர்கள் பிளவுக்குக் குறுக்கே அகழிகள் வெட்டி மண்ணடுக்குகளைப் பரிசோதித்தனர். கடந்த 11,000 வருஷங்களில் குறைந்தது இருமுறை, ஒருவேளை மும்முறை, நிலமே கிழியும்படியான பூகம்பம் அங்கே நேர்ந்திருக்கிறதென்று கண்டனர். 7 அளவை எட்டக்கூடிய அதிர்ச்சி அது. மனிதர் எழுதிவைத்த ஏடுகளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏட்டில் இல்லாததால் அபாயமும் இல்லையென்று வாதிப்பவர் அங்கும் இருந்திருப்பர், எங்கும் இருக்கிறார்கள்!

1995-ல் போட்ட கணக்கு 2007-ல் திருத்தப்பட்டது. அபாயம் முன் மதிப்பிட்டதைவிடக் கணிசமாக அதிகமென்று அது தெரிவித்தது. நிலையத்தாரே இந்த முடிவை வெளியிட்டனர். அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆனால் கணக்கைத் திருத்துவது எளிது. கட்டிடத்தை எவ்வாறு திருத்துவது? புளுட்டோனியம் கையாளும் கூடம் 1978 முதல் வேலை செய்து வருகிறது. தொழிலாளர் கையுறை பொருத்திய பெட்டிகளுக்குள் கைவிட்டு அவ்வுலோகத்தைக் கையாளுகிறார்கள். பூகம்பத்தில் அப்பெட்டிகள் கவிழ்ந்து, தீயும் பற்றினால், நிலைய எல்லைக்கு வெளியே உள்ளவர்களுக்கு நேரக்கூடிய கதிர்வீச்சு, சர்க்கார் தாமே வகுத்த அளவுகோலுக்கு நூறு மடங்குக்கும் மேற்படக்கூடுமென 2009-ல் ஒரு மேற்பார்வைச் சபை எச்சரித்தது.

அந்தச் சபை 1988-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஏற்படுத்தியது. அதற்கு யோசனை கூறும் அதிகாரம் உண்டு. உத்தரவிடும் அதிகாரம் இல்லை. யோசனையை ஏற்பதும் தள்ளுவதும் அந்த நிலையத்தை நடத்தும் இலாகாவின் மந்திரியைச் சார்ந்தது. யோசனை சபைகளின் யோக்யதை நம் நேயர்களுக்குப் புதிதன்று. எனினும் இந்த விஷயத்தில் பயன் இல்லாமற் போகவில்லை: பெட்டிகள் இறுக்கிப் பிணைக்கப்பட்டன, தீப்பற்றக்கூடிய பொருள்கள் குறைக்கப்பட்டன, கட்டிடத்தைப் பலப்படுத்தும் வேலையும் நடந்தது.

1952-ம் வருஷத்து ரசாயனக் கூடமொன்றின் கதை இன்னும் விசித்திரம். அதன் ஒரு பகுதிக்குக் கீழேயே பிளவு செல்வது 1990-களின் இறுதியில்தான் தெரிந்தது. அதற்குப் பதில் எழுப்பவிருந்த கட்டிடத்தின் மதிப்புச் செலவு பல மடங்கு பெருகி, 2012-ல் அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பழைய புளுட்டோனியக் கூடத்தின் சுமையோ குறையவில்லை. வருஷத்துக்கு 30 அணு ஆயுத உட்கருக்கள் லாஸ் அலமாஸில் செய்யவேண்டுமென்று 2018-ல் திட்டமிட்டனர். ஆயுதத்தில் வைக்கத் தகுதி பெற்ற முதல் உட்கரு 2024 அக்டோபரில் அங்கே முத்திரையிடப்பட்டது.

நிலையத்தின் எல்லையை ஒட்டி ஸான் இல்டஃபான்ஸோ என்னும் பூர்வகுடி மக்களின் பூமி இருக்கிறது. 1942-ல் குண்டு செய்ய இடம் தேடியவர்கள் வருமுன்பே, பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் அவர்கள்.